பன்னிரண்டு கேசட்டும் ஒரு சோளக்காடும்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. எனக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு பேருக்கும் சர்க்கரை, இரண்டு பேருக்கும் மூட்டு வலி. பாகம் பிரித்தபோதுகூட நாங்கள் குரல் உயர்த்திப் பேசியதில்லை. ஆனால் அன்றைக்கு அவருடைய சோளக்காட்டு வரப்பில், விருந்தாளிகள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, கை ஓங்கினேன்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மயில்.

சிரித்தாயிற்றா? சரி, முதலில் இருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் ராக் பைத்தியம் புதிதல்ல. எழுத வேறு விஷயம் கிடைக்காத வாரங்களில் எல்லாம் ஏதாவது ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பிராணனை வாங்கியிருக்கிறேன். ஆனால் குழுக்களின் பெயரை மட்டும் எழுதுவதில்லை. ஒரே ஒரு முறை எழுதினேன். நாமக்கல்லில் இருந்து ஒரு வாசகர் போன் செய்தார். "ஏனுங்க, நீங்க எழுதியிருந்தீங்கன்னு போட்டுக் கேட்டனுங்க. யாரையோ கட்டி வெச்சு அடிக்கற மாதிரி இருக்குதுங்களே... உங்களுக்கு ஊட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்றார். உண்மையான அக்கறை! அதற்குப் பிறகு பெயர் எழுதும் தைரியம் எனக்கு வரவில்லை.

பெயர் போனால் என்ன? எனக்கும் சம்பத்துக்கும் நடுவில் அவர்களுக்கெல்லாம் வேறு பெயர்கள் உண்டு.

சம்பத் திருச்செங்கோட்டுக்காரன். சேலத்தில் என்னோடு காலேஜ் படித்தவன். போர்வெல் போடும் ரிக் வண்டி இரண்டு அவன் அப்பாவுக்கு இருந்தது. ஹாஸ்டல் அறையில் முதல் முறையாக ஓர் இங்கிலாந்துக் குழுவின் கேசட்டைப் போட்டேன். டிரம்ஸ் ஆரம்பித்ததும் கட்டிலில் இருந்து குதித்து எழுந்தான். "டேய், இது எங்க வண்டிடா!" அன்றிலிருந்து அந்தக் குழு 'ரிக் வண்டிக்காரர்கள்'. இன்னொரு குழு, ஒரே பாட்டை இருபது நிமிஷம் வளைத்து வளைத்து மேலே கொண்டுபோகும் — அது 'ஏற்காடு'. எந்தப் பாட்டை எடுத்தாலும் எவளோ விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று அழுகிற ஓர் அமெரிக்கக் கும்பலுக்கு 'எழவு வீடு' என்று பெயர் வைத்தான். எங்கள் ரசிகர் மன்றத்தில் மொத்த உறுப்பினர்கள் இரண்டு பேர். மூன்றாவது ஆள் கடைசி வரை சேரவே இல்லை. ஹாஸ்டலில் எங்கள் அறைக் கதவை உதைத்து "நிறுத்துங்கடா" என்று கத்தாதவர்கள், ஊரில் இல்லாதவர்கள் மட்டும்தான்.

படிப்பு முடிந்ததும் சம்பத் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டான். தண்ணீர் இல்லாத ஊர்களாகப் பார்த்து, மாதக்கணக்கில் வண்டியிலேயே வாழ்க்கை. கடிதம் எழுத அவனுக்குச் சோம்பல். பேசுவதில் சோம்பலே கிடையாது. அதனால் கடிதத்துக்குப் பதில் கேசட் வரும்.

அங்கங்கே பெரிய ஊர்களில் கிடைத்த ஆல்பங்களை வாங்கி, அதிலிருந்து பொறுக்கி எடுத்த பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிவு செய்வான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவன் குரல். பின்னணியில் ரிக் ஓடும் சத்தம், யாரோ இந்தியில் திட்டுகிற சத்தம், ஒரு நாய். "மாப்ள, இப்ப வாரது ரிக் வண்டிக்காரனுங்க. மூணாவது நிமிசத்துல டிரம்ஸ் நிக்கும். அங்க மூச்சப் புடிச்சுக்கோ... பாறை ஒடைஞ்சு தண்ணி பீச்சும் பாரு!"

சொன்னபடியே பீச்சும். முப்பத்தைந்து வருஷமாக ராக் இசையைப் பற்றிப் படிக்கிறேன். அந்த இடத்தை அவனைவிட நன்றாக எவனும் எழுதவில்லை. நானும்தான்.

அப்படிப் பன்னிரண்டு கேசட். பிறகு அவனுக்குக் கல்யாணம், சொந்த வண்டி, கடன், டிரைவர்கள். எனக்கு வேலை, இந்தப் பத்தி. பேச்சு குறைந்தது. தீபாவளிக்கு ஒரு போன் என்று ஆனது.

போன வருஷம் சம்பத்தின் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கழுத்தில் ஓர் ஓட்டை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பத்து நிமிஷத்துக்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. ஏதோ வேலை என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவும் இல்லை.

இரண்டு வாரம் முன்பு அவன் மனைவி மகேஸ்வரி போன் செய்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணுங்க. இவுரு அந்தக் காலத்துல உங்களுக்குப் பேசி அனுப்புன கேசட்டு இருக்குதுங்களாமா? எழுதி எழுதிக் காட்டறாருங்க. சேலத்தான்கிட்ட இருக்கும், கேளு கேளுன்னு."

"இருக்கும்மா. ஏன்?"

"போன்ல வீடியோ நெறையா இருக்குதுங்கண்ணா. எல்லாத்துலயும் டிரைவரத் திட்டறதும், பார்ட்டிகிட்டப் பணம் கேக்கறதும்தானுங்க. அதைப் போட்டுப் போட்டுக் கேட்டுட்டு, இது நானில்லைன்னு எழுதறாருங்க. நானும் அவுரு பாட்டப் பத்திப் பேசி ஒரு நாளும் கேட்டதில்லீங்க."

என் நெஞ்சு நிமிர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... நிமிர்ந்தது. பார், நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன்!

"அதெல்லாம் பத்திரமா இருக்கும்மா. என் உசிரு மாதிரி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை எடுத்துக்கலாம்" என்றேன்.

எங்கே வைத்திருந்தேன்? அயோத்தியாப்பட்டணம் தாண்டி, அண்ணன் வீட்டு லாஃப்டில், ஒரு சாக்கு மூட்டையில். அஸ்தம்பட்டியில் ஃபிளாட்டுக்குக் குடிவந்தபோது இடம் இல்லை என்று அங்கே போட்டது. பதினைந்து வருஷம் ஆகிறது. ஒரு நாள்கூட அந்த மூட்டையை நான் பிரித்துப் பார்த்ததில்லை. எதற்குப் பிரிக்க? எல்லா ஆல்பமும்தான் போனில் வந்துவிட்டதே!

பழைய ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் கெஞ்சி, ஓடுகிற நிலையில் ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை சம்பத்தும் மகேஸ்வரியும் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார்கள். வழி முழுக்க டேப்ரெக்கார்டர் சம்பத்தின் மடியில் இருந்தது. பிளே பட்டனை அழுத்துவதும் விடுவதுமாக வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான்.

அண்ணன் வாசலிலேயே நின்றார். மோர் வந்தது. குடித்துவிட்டு, "அண்ணே, லாஃப்ட்ல என் கேசட் மூட்டை இருக்குமே, அது வேணும்" என்றேன்.

"எது, அந்த டேப்பா?" அண்ணன் முகம் மலர்ந்தது. "வா, வா. நானே உன்னக் கூப்புட்டுக் காட்டணும்னு இருந்தேன். அவங்களையும் கூட்டிட்டு வா."

எதைக் காட்டப் போகிறார்? புரியவில்லை. பின்னாலேயே போனோம்.

சோளம் முற்றிக் கதிர் சாய்ந்து நின்றது. காட்டைச் சுற்றியும் குறுக்கேயும் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி பழுப்பு நிற நாடா இழுத்துக் கட்டியிருந்தது. வெயிலில் பளபளவென்று மின்னியது. காற்று வீசும்போதெல்லாம் அத்தனையும் சேர்ந்து 'ங்ங்ங்...' என்று ஒரு ரீங்காரம். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். கேசட்டில் இருந்து டேப்பை உருவி வயலில் கட்டினால், அந்த மின்னலுக்கும் சத்தத்துக்கும் பறவை அண்டாது. சாலையோரம் எத்தனையோ காடுகளில் பார்த்திருக்கிறேன். நல்ல யோசனை என்று இதே பத்தியில் பாராட்டி எழுதியும் இருக்கிறேன்.

"பட்டாசு வெச்சேன். பழைய சேலையச் சுத்திக் கட்டுனேன். தட்டைத் தட்டிக்கிட்டு நாள் பூரா நின்னேன். ஒண்ணுத்துக்கும் அசரல அந்த மயிலு" என்று அண்ணன் சம்பத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "இது கட்டுன நாள்லேர்ந்து ஒண்ணு எட்டிப் பாக்கலங்க. உங்க சிநேகிதன் டேப்புதான். நல்ல சரக்கு!"

அப்போதுதான் கை ஓங்கினேன். என்னென்னவோ கத்தினேன். உனக்கு அறிவிருக்கா, கேட்டுட்டுச் செய்ய மாட்டியா, அது என்னன்னு தெரியுமா உனக்கு...

அண்ணன் நகரவில்லை. என் கையைக்கூடத் தடுக்கவில்லை.

"கேட்டேனேடா" என்றார். "போன் போட்டுக் கேட்டேன். மயில் தொல்லையா இருக்குது, உன் டேப்ப எடுத்துக் கட்டிக்கட்டுமான்னு. நீ என்ன சொன்ன?"

எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு மாதம் முன்பு. இந்தப் பத்திக்காக ரிக் வண்டிக்காரர்களின் ஆல்பம் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போன். அந்த மூன்றாவது நிமிஷத்தை மூன்று பாரா வர்ணித்துக்கொண்டிருந்த நேரம். நடுவில் அண்ணன் போன். எரிச்சலோடு எடுத்தேன். "அது பழைய குப்பைண்ணே, என்னமோ பண்ணிக்கங்க, நான் வேலையா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வேலை! சம்பத் எனக்குச் சொல்லிக் கொடுத்த இடத்தைப் பற்றி, சம்பத்தின் பெயர் இல்லாமல் எழுதுகிற வேலை. அந்தக் கட்டுரைக்கு உங்களில் சிலர் பாராட்டுக் கடிதம் எழுதியிருந்தீர்கள். மிக்க நன்றி.

ரசிகர்களைப் பற்றி எனக்கு இப்போது பெரிய மரியாதை இல்லை. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆல்பம் வெளிவந்த வருஷம் தெரியும், எந்தப் பாட்டுக்கு யார் கிதார் என்று தெரியும், அட்டைப் படம் எடுத்தவன் பெயர்கூடத் தெரியும். என் மூட்டையில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

காட்டுக்குள் இறங்கி டேப்பைக் குச்சியில் இருந்து பிரிக்க ஆரம்பித்தேன். இழுத்த இடத்தில் எல்லாம் அறுந்தது. வெயிலில் காய்ந்து, காற்றில் முறுக்கேறி, விரல் பட்டால் பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. எது எந்தக் கேசட்? எங்கே பாட்டு, எங்கே சம்பத்? கையில் சுருட்டிக்கொண்டே போனேன். சோளத்தட்டை முகத்தில் கிழித்தது. அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

அதற்குள் அண்ணி வீட்டில் இருந்து சாக்கைக் கொண்டுவந்தார். உள்ளே காலிக் கூடுகள். ஒவ்வொன்றிலும் சம்பத்தின் கோணல் கையெழுத்து. 'ரிக் வண்டி, இரண்டாம் தவணை. சத்தமா வை.' 'ஏற்காடு. வாந்தி வந்தா நான் பொறுப்பில்லை.' டேப் உருவாமல் ஒரே ஒரு கேசட் முழுசாகக் கிடந்தது. ஆசையோடு எடுத்தேன். என் அண்ணனின் கல்யாண நாதஸ்வரம்.

"அது நல்ல கேசட்டுன்னு விட்டுட்டேன்" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. அவருக்கும் ஏதோ புரிந்திருந்தது. "தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க தம்பி" என்று சம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

சம்பத் டேப்ரெக்கார்டரை வரப்பில் வைத்தான். காட்டுக்குள் வந்து, என் கையில் இருந்த சுருளை வாங்கிப் பக்கத்துக் குச்சியில் மாட்டினான். அப்படியே நின்றான். காற்று வந்தது. மொத்தக் காடும் ஒரே சுரத்தில் முனகியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மூன்று நிமிஷம் இருக்கும். காற்று நின்றது, சத்தமும் நின்றது. அவன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். எதற்கென்று எனக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

எதுவும் பீச்சவில்லை.

பாக்கெட்டில் இருந்து நோட்டை எடுத்து எழுதி, என்னிடம் நீட்டினான்.

'மயிலுக்குக்கூடப் புடிக்கல பாத்தியா மாப்ள.'

அவன் தோள் குலுங்கியது. கழுத்துத் துணிக்குள் இருந்து காற்று மட்டும் 'உஸ் உஸ்' என்று வந்தது. அதுதான் இப்போது அவனுடைய சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

திரும்பி வந்து அஸ்தம்பட்டியில் நான் இறங்கியதும் மகேஸ்வரி கார் கண்ணாடியை இறக்கினார்.

"பத்திரமா இருக்குதுன்னு சொன்னீங்களேண்ணா" என்றார். கோபமாகக்கூட இல்லை. கண்ணாடி ஏறியது.

நேற்று அதே ஆல்பத்தைப் போனில் போட்டேன். ஒரு கீறல் இல்லாத சுத்தமான சத்தம். ரிக் ஓடவில்லை, நாய் குரைக்கவில்லை. மூன்றாவது நிமிஷம் டிரம்ஸ் நின்றது. நிறுத்திவிட்டேன்.

அண்ணன் போன் செய்தார். அறுவடை முடிந்ததாம். இந்த வருஷம் மயில் சேதம் சுத்தமாக இல்லையாம்.