மூன்றில் ஒரு பங்கு ரோம்

பதிப்பாளர் முதலில் நீக்கச் சொன்னது ஒரே ஒரு சொல்லைத்தான். சர்வாதிகாரி. பர்மிய மொழியில் அதை ‘ஆனாஷின்’ என்பார்கள், ஆணையைக் கையில் வைத்திருப்பவன் என்று பொருள். அதன் முதல் பாதி நம்முடைய ‘ஆணை’க்கு உறவு, பாலி வழியாக வந்தது. ரோமானிய அரசியலைப் பற்றிய புத்தகத்தில் அந்தச் சொல் இல்லாமல் எப்படி எழுதுவது என்று கேட்டேன்.

“தலைவர்னு போட்டுடுங்க ஸாயாமா,” என்றார்.

ஸாயாமா என்றால் ஆசிரியை. எழுத்து வேலை செய்கிற பெண்களை ரங்கூனில் அப்படித்தான் அழைப்பார்கள். நான் அவரை ஸாயா என்பேன். இருவரும் பர்மிய மொழியில்தான் பேசிக்கொள்வோம். அவருக்குத் தமிழ் தெரியாது. இதை நான் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்தது ரங்கூனின் கியாக்டடா பேட்டையில், நடைபாதைப் பழைய புத்தகக் கடை ஒன்றில். அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்ட ஆங்கிலப் பாடநூல். எழுதியவர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. பழைய ரோமின் அரசியல், சமூகம், மதம் என்று மூன்று பகுதிகள். சரக்கு ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது என் பிழைப்பு. மதிய உணவு நேரத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் பர்மிய மொழியில் பெயர்க்கத் தொடங்கினேன். க்யிம்யிண்டைங்கில் எங்கள் தெருவுக்கு விடியற்காலையில்தான் மின்சாரம் வரும். அது போவதற்குள் சோறு வடித்து, தண்ணீர் ஏற்றி, துணிக்கு இஸ்திரி போட்டு, மிச்ச நேரத்தில் ரோம். இப்படி இரண்டு வருடம் போயிற்று.

மூன்று பகுதிகளில் எனக்கு உயிராக இருந்தது அரசியல். சர்வாதிகாரி என்ற பதவியே அவர்களிடம் முதலில் ஒரு சட்டப்படியான ஏற்பாடு. ஆபத்துக் காலத்தில் ஒருவரை நியமிப்பார்கள், ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆபத்து தீர்ந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பல நூறு வருடம் போனார்கள், பிறகு ஒருவர் போக மறுத்தார். இதை நான் எழுதிய இடத்தில் பதிப்பாளர் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

“சொல்லை மாத்திட்டேனே ஸாயா.”

“சொல்லு சரி. இந்த ஆறு மாசம் வேணாம்.”

ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று நீட்டிக்கப்பட்ட அவசரநிலை அறிவிப்பின் கீழ் வருடக்கணக்கில் இருந்தவர்கள் நாங்கள். அவர் ஏன் வட்டம் போட்டார் என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வீம்புக்குக் கேட்டேன்: “ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி நடந்தது. அதை ஏழு மாசம்னா எழுத முடியும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் லைசென்ஸ் போனா, அதுக்கும் ரெண்டாயிரம் வருசம் ஆகும் திரும்பி வர,” என்றார்.

அடுத்த வாரம் முழு அரசியல் பகுதியும் கட்டுப் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, என் கைக்குத் திரும்பி வந்தது. இருநூறு பக்கம். சூலே பகோடா நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தக் கட்டு பையின் காதை அறுத்துவிடும்போல் இழுத்தது. அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

சமூகப் பகுதியாவது பிழைக்கும் என்று இருந்தேன். ரோமில் செல்வாக்கு இல்லாதவர்கள் ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு பெரிய மனிதர் வீட்டு முன்கூடத்தில் போய்க் காத்திருப்பார்கள். வணக்கம் சொல்வார்கள். வழக்கு, வேலை, கல்யாணம், எல்லாம் அவர் தயவு. அந்த அத்தியாயத்தைத் திருத்தியதே பதிப்பாளரின் முன் அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான். செவ்வாய்க்கிழமைதோறும் அரை நாள் விடுப்பு எடுத்துப் போவேன். “ஸாயா சாப்பிடுறாரு,” “ஸாயா போன்ல இருக்காரு,” என்பார்கள். எனக்கு முன்னால் ஜோதிடப் புத்தகம் எழுதுகிறவர்கள் இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள்.

சமூகப் பகுதியையும் அவர் திருப்பிக் கொடுத்தார். இந்த முறை சிவப்பு வட்டம் இல்லை. அடிமைகளைப் பற்றிய அத்தியாயத்தில், சந்தையில் நிற்பவர்களின் கழுத்தில் ஊரும் வயதும் எழுதிய அட்டை தொங்கும் என்று வரும் இடத்தில், பக்கத்தை மடித்து வைத்திருந்தார். அதற்கு மேல் படித்ததாகத் தெரியவில்லை.

“இதுல அரசியல் எங்க ஸாயா இருக்கு?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. முன் அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இல்ல.”

“பின்ன என்ன?”

அவர் அந்தப் பக்கத்தின் மடிப்பை விரலால் நீவினார். பிறகு, தன் மகன் தாய்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். ஏஜெண்டு கூட்டிப்போனானாம். நாலு மாதமாகப் போன் இல்லையாம். “கடல்ல சிக்னல் இருக்காது. அதான். வேற ஒண்ணும் இருக்காது,” என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அவர்மேல் கோபப்பட வழியில்லை. இத்தனை நாள் உழைப்பு போய்விட்டது என்று அழவும் வாய் இல்லை. “மகன் பேசுவாரு ஸாயா,” என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். (ஆறு வாரம் கழித்து அந்தப் பையன் பேசினான். அதற்குப் பிறகும் அந்த அத்தியாயத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.)

மிஞ்சியது மதம். உண்மையைச் சொன்னால் அது எனக்கு மிகச் சுலபமாக வந்த பகுதி. அடுப்படியில் வீட்டுத் தெய்வத்துக்கு ஒரு பங்கு சோறு வைப்பது, ‘எனக்கு இதைச் செய், உனக்கு அதைச் செய்கிறேன்’ என்று சாமியோடு பேரம் பேசுவது, பறவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பது. பக்கத்து வீட்டில் பர்மியர்களின் நாட் தேவதைக்குத் தேங்காயில் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் தெருமுனையில் முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைக்கிறார்கள். நான் எதையும் தேடி அலையவேண்டி இருக்கவில்லை.

புத்தகம் வந்தது. தலைப்பு ‘ரோமானியர் கண்ட சகுனங்கள்’. அட்டையில் ஒரு கழுகு, ஒரு உள்ளங்கை, நட்சத்திரம். கைரேகைக்கும் ரோமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். பகோடாப் படிக்கட்டுக் கடைகளில், பூவுக்கும் ஊதுவத்திக்கும் பக்கத்தில் வைத்து விற்றார்கள். நன்றாகப் போயிற்று. யாரோ என் நம்பரை வாங்கிவிட்டார்கள். வலப்பக்கம் காக்கை கத்தினால் விசா கிடைக்குமா என்று ஒரு அம்மாள் கேட்டார். மகனுக்குப் பெயர் வந்துவிடும் என்று பயமாயிருக்கிறது, இடப்பக்கம் ஆந்தை பார்த்தேன் என்று இன்னொருவர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலைச் சொன்னார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? இடப்பக்கம் ரோமானியர்களுக்கு நல்லது என்றேன். அவர் அழுதுகொண்டே நன்றி சொன்னார். போனை வைத்துவிட்டு, என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் பதிப்பாளரிடம் போய், அடுத்த பதிப்பில் என் பெயர் வேண்டாம் என்றேன். சமாதானம் சொல்வார், அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். “சரி ஸாயாமா,” என்றார். இரண்டாம் பதிப்பு என் பெயர் இல்லாமல் வந்தது.

அச்சுக்கோப்பு செய்தவர் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வீட்டுக் கூரையில் சோலார் தகடு போட்டு லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர். மூன்று பகுதிகளையும் அவர்தான் முதலில் தட்டச்சு செய்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஃபைல்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். ஆற்றைக் கடக்கும் படகில் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: “அக்கா, இங்க மீ இல்ல, வெயிலும் இல்ல. மெதுவா வாங்க.” மீ என்றால் எங்கள் ஊர்த் தமிழில் கரண்ட்.

நான் போனை வைத்ததும் பக்கத்தில் இருந்த பெண், “தமிழாளுங்களா?” என்றாள். காலிக் கூடை இரண்டு, கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்த பூச்சு. டாலாவில் கீரை போட்டு, க்யிம்யிண்டைங் சந்தையில் விற்கிறவள். மடியில் ‘ரோமானியர் கண்ட சகுனங்கள்’.

நான் அதைப் பார்க்காததுபோல் ஆற்றைப் பார்த்தேன்.

“இதுல ஒண்ணு வெளங்கலக்கா,” என்றாள். “சனம் கூடி ஓட்டுப் போட நிக்குது. ஒருத்தரு வானத்தப் பாத்துட்டு, சகுனம் சரியில்ல, எல்லாம் வீட்டுக்குப் போங்கன்னுறாரு. போயிர்றாங்க. இந்த வானம் பாக்குற ஆள யாரு வச்சது?”

“பெரிய எடத்து ஆளுங்கதான். அவங்களுக்குள்ளயே ஒருத்தரு.”

“அப்ப வானம் நல்லாருந்தாலும் இல்லைன்னு சொல்லலாமே.”

“சொல்லியிருக்காங்க.”

“அத ஏன் எழுதாம உட்டாரு, இத எழுதுனவரு?”

வாய்வரை வந்ததை விழுங்க முடியவில்லை. “எழுதுனது நான்தாம்மா. எடுத்துட்டாங்க,” என்றேன். என் பெயர் அதில் இல்லை என்பதால் நம்புவாளா என்று யோசித்தேன். அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. “மிச்சம் எங்க இருக்கு?” என்றாள். கரையில் இறங்கியதும் அச்சுக்கோப்பாளர் வீட்டுக்கு இருவரும் ஒரே சைக்கா ரிக்ஷாவில் ஏறினோம்.

அன்று லேப்டாப் உயிர் பெறவே இல்லை. ஃபைல் இல்லாமல், எரிச்சலோடு திரும்பினேன். வீட்டில் கிடந்த அரசியல் கட்டை அடுத்த வாரம் அச்சுக்கோப்பாளர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன், அவள் வந்தால் பார்க்கட்டும் என்று. ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன்.

“அக்கா, அந்தக் கீரைக்காரம்மா வெயில் தாழ வந்து உக்காந்து படிச்சுட்டுப் போவுது. ஒரு எடம் தப்புன்னு சொல்லுது.”

“எழுத்துப் பிழையா?”

“இல்லக்கா. நீங்க எழுதுனதே தப்புங்குது. இந்தா, பேசுங்க.”

அவள் போனை வாங்கினாள். “ஓட்டு எடம் இருக்குல்லக்கா. பணக்காரங்க கூட்டம் மொதல்ல போடுது. அப்பறம் அடுத்தது. கடைசிக் கூட்டம் ஏழைங்க. அவங்க ஓட்டுப் போட வரலன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“வராம இருக்க மாட்டாங்க. விடியக்காலையிலேருந்து நிக்கிறாங்கன்னு நீங்களேதான் முன் பக்கத்துல எழுதியிருக்கீங்க. அவங்கள யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த வேலை. பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, அட்டை போன அந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். அந்த வரியைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. முன்வரிசைக் கூட்டங்களிலேயே பெரும்பான்மை கிடைத்துவிட்டால் அதோடு எண்ணிக்கையை முடித்துவிடுவார்கள், கடைசிக் கூட்டம் பெரும்பாலும் அழைக்கப்படுவதே இல்லை என்று தெளிவாக இருந்தது. அழைக்கப்படவில்லை என்பதை நான் வரவில்லை என்று ஆக்கியிருந்தேன். பதிப்பாளர் படித்தார், அச்சுக்கோப்பாளர் படித்தார், நான் ஐந்து முறை படித்தேன். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாலாவுக்குப் போய், கையெழுத்துப் பிரதியில் அந்த வரியை அடித்து, மேலே சரியானதை எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று, நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.