ஊருக்கு முன்னே வந்த வீட்டுப்படம்

தேவதர்ஷினி என்ற பேரை லோகநாயகி முதன்முதலில் கேட்டது, நண்டுக் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது. குழந்தைக்குப் பேர் வைத்துவிட்டோம் என்று அண்ணன் துளசிங்கம் ஓடி வந்து சொன்னான்.

"இன்னாண்ணா பேரு இது? கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள பழவேற்காட்ட தாண்டிப் பூடும்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அது தேவு.

ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டலுக்குப் போனவள் தேவு. கட்டடம் வரையும் படிப்பு படித்தாள். புயலுக்கும் ஏரித் தண்ணீருக்கும் தாங்குகிற வீடுகளைச் சொந்த ஊரில் கட்டவேண்டும் என்று திரும்பி வந்தாள். வாசலில் போர்டு மாட்டினாள். கார்டு அடித்து மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஆளுக்கொன்று கொடுத்தாள். வாங்கியவர்கள் அந்த அட்டையால் சுண்ணாம்பை எடுத்து வெற்றிலைக்குத் தடவினார்கள்.

"மேஸ்திரி கயிறு புடிச்சா வூடு. காய்தத்துல கோடு போட்டா குடி போவ முடியுமாமா?" என்றான் வலை பிரித்துக்கொண்டிருந்த தருமலிங்கம்.

எட்டு மாதம் ஒருவரும் வரவில்லை. தேவு சோறு தின்பதைக் குறைத்தாள்.

"நீயே பேசிக்கினு கீற. அவங்கள பேச வுடு" என்று லோகநாயகி அவளை, புது வீடு கட்ட இருந்த குணசுந்தரியிடம் கூட்டிப்போனாள். லோகநாயகியின் மாமியாரும் குணசுந்தரியின் தாயாரும் அக்கா தங்கை. தேவுக்குச் சித்தி முறை.

அன்று தேவு லேப்டாப்பைத் திறக்கவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும், கருவாடு எங்கே காயும் என்று கேட்டாள். பிறகு முற்றத்து மணலில் குச்சியால் வீட்டை வரைந்தாள். குணசுந்தரி அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்த்தாள்.

"அடுப்பாண்ட நின்னா ஏரி தெரியுமாடி?"

"தெரியும் சித்தி."

அவள் புருஷன் தாமோதரன் சிரித்தான். "மாடியும் வெச்சிடு பாப்பா."

அந்த ஊரில் கடக்கால் தோண்டும் முன் வீட்டுக்காரன் வெற்றிலைத் தட்டோடு போய்ப் பெரியவர்களிடம் தன் வாயால் சொல்லவேண்டும். அதுவரை பக்கத்து வீட்டுக்கும் மூச்சு விடமாட்டார்கள். தேவுக்கு இது தெரியாதா என்று லோகநாயகி இருந்துவிட்டாள். ஒரு வீட்டைக் காட்டினால் பத்துப் பேர் வருவார்கள் என்று தேவுக்குப் பட்டணத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே அவள் வீட்டைக் கலர்ப்படமாக்கி, 'தாமோதரன் குணசுந்தரி இல்லம், எங்கள் முதல் வீடு' என்று எழுதி எல்லார் போனுக்கும் அனுப்பினாள்.

மறுநாள் கரையில், "இன்னா தாமு, தட்டையும் போன்லயே அனுப்பிட்டியா?" என்று ஒருவன் கேட்க, அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரியவர்கள் அவனைக் கூட்டத்தில் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

தாமோதரன் நேரே லோகநாயகி வீட்டுக்கு வந்தான். "ஒம் மருமவ என்ன ஊர் நடுவுல நிக்க வெச்சிட்டாக்கா. இனிமே அவ எங்க வாசல மிதிக்கக்கூடாது."

தேவு படத்தை அழித்தாள். மன்னிப்புக் கேட்கப் போனாள். வெயிலில் நின்று சித்தி, சித்தி என்று கூப்பிட்டாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அடுத்த வாரம் மேஸ்திரி கயிறு பிடித்தார். வீடு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பியது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று லோகநாயகி இன்னமும் தலையில் அடித்துக்கொள்கிறாள். அதன் பிறகு ஊரில் வேறு யாரும் தேவுவைக் கூப்பிடவில்லை. போர்டை அவளே கழற்றினாள்.

தேவதர்ஷினி இப்போது சென்னையில் ஓர் ஆபீசில் குடோன்களுக்குப் படம் வரைகிறாள். ஊருக்கு வருவதில்லை.