நான் அழுத படம்

ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு எங்களையும் கூட்டிப்போனது. வேறு வேறு மதத்தில் பிறந்த இருவர் காதலித்துப் பிரிகிற மலையாளப் படம். பாதி வசனம் புரியவில்லை. ஆனால் கடைசியில் அந்தப் பெண் தனியாகப் பாடியபோது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் மகள் செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்பா, அம்பத்தூர்ல என்கூட ஒருத்தர் வேலை செய்றாரு. கட்டிக்கலாம்னு இருக்கோம். அவரு வேற மதம்.”

அறைந்துவிட்டேன்.

“நீங்க அழுததைப் பாத்துதாம்பா சொன்னேன்” என்றாள்.

“அது சினிமாடி” என்றேன்.

மூன்றே மாதத்தில் திருநின்றவூரில் சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்தேன். தாலி ஏறும்போது அவள் அழவில்லை. எனக்கும் எதுவும் தோன்றவில்லை.

மாதம் ஒருமுறை வருகிறாள். “சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்று கேட்கிறாள். தன்னைப் பற்றி மட்டும் அன்றைக்குப் பிறகு ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. மகள் நன்றாக இருக்கிறாளா என்று யாராவது விசாரித்தால், “இருக்கா” என்று சொல்லிவைக்கிறேன். உண்மையில் எனக்குத் தெரியாது.