கண்ணாடிக்குள் அண்ணாவின் அடையாள அட்டை

அந்த அருங்காட்சியகத்தில் எனக்கு முதலில் பிடித்தது சுவர்தான். கனடாவின் அரசியலமைப்பு தரும் உரிமைகளை ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். காரணமில்லாமல் எவரையும் பிடித்து அடைக்கக்கூடாது என்ற வரியின் முன்னால் நெடுநேரம் நின்றேன். ஊரில் எங்கள் அண்ணாவைப் பிடித்த ஆமிக்காரர் காரணம் சொன்னார்கள்: அடையாள அட்டை கையில் இல்லை. அது அன்று தோய்க்கப் போட்ட சட்டையின் பையில் வீட்டில் கிடந்தது. அண்ணா திரும்பி வரவே இல்லை.

உரிமை தேடி இங்கே வந்தவர்களின் பொருட்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டபோது, முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் அந்த அட்டையைத் தருவதாகச் சொன்னேன். அம்மா அதைத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்.

"கனசனம் வந்து பாக்குமோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அம்மா."

"அப்ப குடு. அவனைக் கண்டவை ஆரும் இருந்தால் சொல்லுவினம்."

திறப்பு நாளில் நான் மட்டும் போனேன். அட்டைக்குக் கீழே, 'கனடாவில் புதுவாழ்வு கண்ட அகதி ஒருவரின் அடையாள அட்டை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் எழுதிக் கொடுத்த முழுப் பக்கத்தில் ஒரு சொல்கூட அங்கே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்சிக்குப் பொறுப்பான பெண்ணிடம் போய்ச் சொன்னேன்; சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாப் பொருட்களுக்கும் ஒரே வாசகமாம். இராணுவம் கொண்டுபோனது என்று மாற்றுவதென்றால் ஆதாரம் வேண்டுமாம். மரணச் சான்றிதழ் இருக்கிறதா என்றார்.

அந்தச் சான்றிதழைத்தான் ஊரில் அதிகாரிகள் மூன்று தரம் அம்மாவிடம் நீட்டினார்கள். "மகனைக் காட்டுங்கோ, பிறகு கடுதாசியைத் தாங்கோ" என்று மூன்று தரமும் திருப்பி அனுப்பியவர் அவர். சுவரில் உள்ளதை எழுத யாரிடம் ஆதாரம் கேட்டீர்கள் என்று என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மரியாதை தெரிந்த கோழை நான்.

அட்டையைப் பார்க்க வேண்டுமென்று அம்மா விடாப்பிடியாக நின்றார். நாங்கள் குடியிருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் மாறிக் கூட்டிப் போனேன். கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று படத்தைப் பார்த்தார்.

"உதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். அங்கே எழுதியிருந்ததை விடப் பெரிய பொய் எனக்கு வரவில்லை. அப்படியே தமிழில் சொன்னேன்.

அம்மா அழவில்லை. அந்தப் பெண் இருந்த மேசையைக் கையால் காட்டினார்.

"கனடாவிலை இருக்கிறான் எண்டு எழுதியிருக்கினமெல்லே. எந்த விலாசம் எண்டு கேள், பிள்ளை."