டெமோவுக்குக் கையாட்டியவள்

எலெக்ட்ரானிக் கீபோர்டில் டெமோ என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் பெட்டி தானாகவே வாசிக்கும். எங்கள் பங்குக் கோயிலுக்குக் கீபோர்டு வந்த புதிதில் பாடகர் குழுப் பையன்கள் அதை அமுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைகளைத் தொடாமல் மேலாக விரலை ஓட்டிக் காட்டுவார்கள். பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் வாயைப் பிளப்பார்கள், பிறகு விஷயம் தெரிந்து சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தப் பட்டனை வைத்து என்னையே ஒரு நாள் பொய்க்காரி ஆக்குவார்கள் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

நான் வாசிப்பது பியானோ. ராமநாதபுரத்தில் இதைச் சொன்னால், "ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்" என்பார்கள். ஒன்றில்லை. பியானோவுக்குள் சின்னச் சுத்தியல்கள் கம்பியில் போய் அடிக்கின்றன. விரலில் பலம் இருந்தால் அது கேட்கும், பயம் இருந்தால் அதுவும் கேட்கும். கரண்டு வேண்டாம், பட்டன் கிடையாது. எழுபத்து நான்கில் ஆறாம் வகுப்புக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் என்னைச் சேர்த்தார்கள். அங்கே கூடத்து மூலையில் ஒரு பியானோ இருந்தது. மற்றப் பிள்ளைகள் கூடிப் பேசுகிற சாயங்கால நேரத்தில் நான் அதில் உட்கார்ந்தேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியர்கள் எழுதிவைத்த இசையை, காகிதத்தைப் பார்த்து, ஒரு வரிக்கு ஒரு வாரம் என்று எடுத்துக்கொண்டு கற்றேன். பள்ளிப் படிப்பு முடிந்து, கல்லூரி முடிந்து, கணக்கு டீச்சராக வேலைக்குச் சேர்ந்த பிறகும் அங்கே போய் வாசித்துவிட்டு வருவேன்.

ஒரு வருஷம் அந்தக் கூடத்தை இடித்தார்கள். பியானோவை யாராவது எடுத்துக்கொண்டு போனால் சரி என்றார்கள். எங்கள் அய்யா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், உப்பளத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மூட்டைகளை இறக்கிவிட்டு அதே லாரியில் அதை ஏற்றினார். "உப்புக் காத்துல இது எத்தனை நாளைக்குத்தான் நிக்கும்" என்று கேட்டார். கேட்டாரே தவிர, கயிற்றை நன்றாக இறுக்கிக் கட்டினார்.

கல்யாணத்தின்போது கட்டில், பீரோவோடு பியானோவும் மாமியார் வீட்டுக்குப் போனது. அவர்கள் எதிர்பார்த்தது ஃபிரிட்ஜ். வந்து இறங்கியதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேல்பக்கம் தட்டையாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் மேல் டிவியை வைத்தார்கள். மாமனாரும் மாமியாரும் காலமாகி, நாங்கள் ராமநாதபுரத்தில் வேறு வீட்டுக்குக் குடிவந்த பிறகும் டிவி அங்கேயேதான் இருந்தது. பியானோவுக்குள் ஈரம் இறங்காமல் இருக்க நான் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டிருந்தேன். மதுரையிலிருந்து சுருதி சேர்க்க வருகிறவர், துருப்பிடித்த கம்பியை முறுக்கினால் அறுந்துபோகும் என்று எல்லாவற்றையும் அரைச் சுருதி இறக்கிவைத்தார். இப்படியெல்லாம் காப்பாற்றப்பட்ட ஒரு பொருளின் மேல் உட்கார்ந்து டிவி செய்தி வாசித்தது.

என் கணவர் ஒன்றிய அலுவலகத்தில் கிளார்க். சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே நான் பியானோவை மூடிவிடுவேன். அவர் உள்ளே வந்ததும் டிவியைப் போடுவார், நான் டீ போடுவேன். காலையில் அவர் ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில்தான் நான் ஒரு வரி, இரண்டு வரி பழகுவது அவர் காதில் விழும். அவர் கெட்டவர் இல்லை. குடிக்கிறவர் இல்லை, கை ஓங்கியதில்லை, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் அவரே கழுவித் தருவார். எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் கோபப்படுவது இவ்வளவு சிரமமாக இருந்திருக்காது.

மஸ்கட்டிலிருந்து வந்த என் தம்பி ஒரு டிஜிட்டல் கேமரா கொடுத்துவிட்டுப் போனான். இணையத்தில் பலபேர் தாங்கள் வாசிப்பதைத் தாங்களே படம் பிடித்துப் போடுகிறார்கள் என்று அவன்தான் சொன்னான். நானும் பீரோவின் மேல் கணக்குப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கேமராவை வைத்து எடுக்க ஆரம்பித்தேன். எடுக்கவே முடியவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு கிரைண்டர், ஒருநாள் பந்தலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், ஒருநாள் தெருவில் மீன்காரம்மா. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது கரண்டு கட். அந்த வருஷங்களில் மத்தியானம் கரண்டு போனால் மணிக்கணக்கில் வராது. ஊரே கரண்டைத் திட்டிக்கொண்டு விசிறிமட்டையைத் தேடும் நேரத்தில் நான், அவர் வெளியே போயிருக்கும் சனிக்கிழமைகளில், கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். ஃபேன் இல்லாமல் வியர்வை புருவத்திலிருந்து கட்டைகளில் சொட்டும். துடைக்க முடியாது, துடைத்தால் அடுத்த வரி போய்விடும்.

வீடியோவை ஏற்றுவதற்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். பலகை வைத்து மறைத்த அறைகள், உள்ளே முழுக்கக் கல்லூரிப் பையன்கள். சேலை கட்டிய ஒரு டீச்சர் கேமராவும் வயருமாக உள்ளே போனால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். முக்கால்வாசி ஏறியிருக்கும்போது லைன் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு வீடியோவுக்கு மூன்று தடவை போய் வந்ததும் உண்டு.

ஆனால் கேட்டார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள், பெயர்கூடச் சரியாகப் போடாதவர்கள், உட்கார்ந்து கேட்டார்கள். உங்கள் பியானோ அரைச் சுருதி கீழே இருக்கிறது, ஏன் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், இரண்டாம் பக்கத்தில் இடது கையில் ஒரு சுரம் தப்பு, உங்களிடம் இருப்பது பழைய பதிப்பா என்று எழுதியிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பதிப்பு சரிதான், நான்தான் பல வருஷமாகத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. தப்பைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு ஒரு மனுஷர் என் வாசிப்பைக் கேட்டிருக்கிறார்.

இனி தங்கச்சிமடத்துக்கு வருகிறேன். அங்கே நாத்தனார் வீட்டில் கோயில் திருவிழாச் சாப்பாடு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவர் மகள் லேப்டாப்போடு வந்திருந்தாள். "அத்தை, உங்க வீடியோவ எல்லாத்துக்கும் போட்டுக் காட்டவா?" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லுகிறேனே, எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

படம் வந்தது. பியானோ, அதன்மேல் உறை போட்ட டிவி, என் முதுகு, என் கைகள். நெட் மெதுவாக இருந்ததால் நின்று நின்று ஓடியது. நாத்தனார்தான் ஆரம்பித்து வைத்தார். "ஏன் மதினி, டிவில பாட்ட ஓடவிட்டுட்டு நீங்க கைய ஆட்டுறீகளா?"

அந்த ஊர்க் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவரும் பந்தியில் இருந்தார். அவர் விவரம் தெரிந்தவராகத் திருத்தினார். "டிவி இல்லக்கா, இது டெமோ. நம்ம கோயில் கீபோர்டுல அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

"இது கீபோர்டு இல்ல. பியானோ. இதுல டெமோ கெடையாது" என்றேன்.

"இப்ப வார புது மாடல்ல இருக்கும் டீச்சர்."

"எங்க அய்யா உப்பு லாரில கொண்டாந்தது. அது புது மாடலா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் லேப்டாப் திரையில் விரலை வைத்துக் காட்டினேன். "மேல ஃபேனப் பாருங்க. சுத்துதா? கரண்டு இல்லாதப்ப எடுத்தது. கரண்டு இல்லாம டெமோ எப்படி ஓடும்?"

"பேட்டரி போட்டா ஓடும் டீச்சர்."

"இந்த எடத்துல நான் தப்பா வாசிச்சிருக்கேன். மெஷின் தப்பு பண்ணுமா?"

"நீங்க சொன்னாத்தான தப்புன்னே தெரியுது" என்றார் அவர், ரொம்பப் பணிவாக. "வேணும்னா கோயில்ல கீபோர்டு சும்மாதான் கெடக்கு. வந்து ஒரு மாதா பாட்டு வாசிச்சுக் காட்டுங்க, தீந்துச்சு."

வாசிச்சுக் காட்ட வேண்டுமாம். நாற்பத்தேழு வயதில், ஊர் கூடி நின்று பார்க்க, எனக்கு விரல் இருக்கிறதா என்று பரீட்சை. நான் என் கணவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். நான் தினமும் வாசிப்பதைக் கேட்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அவர் எலும்பை இலை ஓரத்தில் வைத்துவிட்டு, சிரித்த முகமாகச் சொன்னார். "விடுங்கப்பா. அவ ஆசைக்கு என்னமோ பண்ணிக்கிட்டு இருக்கா."

எனக்கு அழுகை வரவில்லை. அந்த இலையைத் தூக்கி அவர் மடியில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை, கை கழுவப் போனேன்.

திரும்பும்போது பாம்பன் பாலத்தில் காற்று ஸ்கூட்டரைத் தள்ளியது. அவர் முன்னாலிருந்து கத்திக் கேட்டார். "கோவிச்சுக்கிட்டியா?"

நான் பின்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காத. அது நெசமாவே நீ வாசிச்சதுதானா?"

"வண்டிய நிப்பாட்டுங்க" என்றேன்.

சுற்றுலா வந்தவர்கள் வேன்களை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றோம். அவருக்கு என்னைச் சீண்டும் எண்ணம் இல்லை. உண்மையிலேயே சந்தேகம். "வீட்டுல நீ வாசிக்கையில இப்படி இருந்ததில்லையே. தட்டுனதையே திருப்பித் திருப்பித்தான தட்டிக்கிட்டு இருப்ப. இது முழுசா, அழகா இருந்துச்சு. அதான் கேட்டேன்."

"அதுக்குப் பேரு பழகுறது. பழகித்தான் முழுசா வாசிக்க முடியும். ஒரே வீட்டுல இத்தன வருசமா இருக்கோம், ஒரு நாளு முழுசாக் கேட்டிருக்கீகளா?"

"நான் வந்தா நீதான மூடிருவ."

"நீங்க வந்தா டிவி போடுவீக. டிவி அது மேலதான இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். "வேற எங்கன வைக்கிறது?" என்றார். "வீட்டுல எடம் எங்க இருக்கு?"

வீட்டுக்குப் போனதும் டிவியை நானே தூக்கி அரிசி டிரம்மின் மேல் வைத்தேன். வயர் எட்டவில்லை. அவர் மறுபேச்சில்லாமல் போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வந்து மாட்டிக்கொண்டார்.

அப்புறம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மூடுவதை விட்டேன். முதல் சில நாள் என் கை தானாகவே மூடியைத் தேடிப் போனது, அதை அடக்க வேண்டியிருந்தது. அவர் வரும்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு வரியைப் பழகிக்கொண்டிருப்பேன். அவர் தாண்டிப் போய் டிவியைப் போடுவார். நான் இன்னும் பலமாக வாசிப்பேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். இப்படி ஒரு மாதம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கரண்டு போனது. ரொம்ப நாளாகப் பழகிய பெரிய உருப்படி ஒன்றை எடுக்கலாம் என்று கேமராவை வைத்தேன். ஆரம்பத்திலிருந்தே கை நன்றாக ஓடியது. எப்போதும் இடறுகிற இடங்களைத் தாண்டிவிட்டேன். கடைசிப் பக்கம்தான் கஷ்டமானது, அதற்குள் நுழையும்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் தேவிபட்டினத்துக்கு ஆய்வு வேலையாக ஆபீஸ் ஜீப்பில் போனவர், சீக்கிரம் திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாசலிலேயே நிற்கிறார் என்று தெரிந்தது. நிற்கட்டும், முழுசாகக் கேட்கட்டும் என்று வாசித்தேன். வீம்பாகத்தான் வாசித்தேன், ஆனால் நன்றாக வாசித்தேன்.

வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தால் அவர் குரலை இறக்கிப் பேசுவார். அந்தக் குரலில் வாசல் திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"யாரு வந்திருக்கா?"

நான் நிறுத்தவில்லை. கடைசி சுரம் ஓய்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

போட்டுப் பார்த்தேன். ஒரு தப்புகூட இல்லை. நான் வாசித்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது. அவர் குரலும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. இன்னொரு தடவை எடுத்திருக்கலாம். எதற்கு எடுக்க வேண்டும்? அப்படியே கொண்டுபோய் ஏற்றினேன்.

அடுத்த வாரம் பிரவுசிங் சென்டரில் திறந்து பார்த்தபோது யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள். இப்படி ஒரு வாசிப்பைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. கடைசிப் பக்கத்தில் ஓர் ஆண் குரல் வருகிறதே, யார் அவர், என்ன சொல்கிறார்?

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டி, பதில் எழுதினேன். அவர் என் கணவர். பியானோ வாசிப்பதற்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறார். நாங்கள் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறோம்.