கெட்டி அடுக்கு

டிப்போவில் அவளை எல்லோரும் நாற்பத்தேழு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக நாற்பத்தேழாம் எண் பேருந்தை ஓட்டுகிறாள். அதற்கு முன் ஆறு வருடம் டிக்கெட் கவுன்ட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாள். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், "போற பஸ்ஸோட முதுகையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனை நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியபோது பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"லைப்ரரில ஏன் நிக்கல? ஒரு பெரியவர் கை காட்டிக்கிட்டே இருந்தாரே."

அவள் பெரியவரைப் பார்க்கவில்லை. நூலகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே இருந்த அரை கிலோமீட்டர் அவள் நினைவில் இல்லவே இல்லை. கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது, வண்டியும் நேராகத்தான் போயிருக்கிறது. ஆனால் யார் ஓட்டினார்கள்?

யாரும் புகார் கொடுக்கவில்லை. நடந்ததை மதியம் அவளே எழுதிக் கொண்டுபோய் டிப்போ மேலாளரிடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"இதை எழுதித்தான் குடுக்கணுமாம்மா? நான் கேக்கவே இல்லையே."

"கண்ணை மூடினேனா இல்லையான்னு எனக்கே தெரியல சார்."

அவர் காகிதத்தை மடித்தார். "மூணு வாரம் கவுன்ட்டர்ல உக்காரு. நல்லா தூங்கு. டாக்டர் கையெழுத்துப் போட்டா வண்டி. போடலன்னா கவுன்ட்டர்தான், என் கையில இல்ல."

தூக்கம் கெட்டு நாளாகிவிட்டது. பழைய பஞ்சு மெத்தையில் நடுவில் பள்ளம் விழுந்ததுதான் காரணம் என்று மகள் முடிவு கட்டி, இரண்டு மாதம் முன்புதான் புது மெத்தை வாங்க வைத்திருந்தாள். வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் மகள்தான். எதையும் படிக்காமல் வாங்கமாட்டாள், படிக்க ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டாள். ஒரு வாரம் படித்துவிட்டு, லேடெக்ஸ் மெத்தைதான் என்றாள். ஜிப் வைத்த உறைக்குள் மூன்று ரப்பர் அடுக்குகள்: மெத்தென்று ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கெட்டியாக ஒன்று. எது மேலே வருகிறதோ அதுதான் உடம்புக்குத் தெரியும். பிடிக்கவில்லையா, ஜிப்பைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம்.

"எது மேல வரணும்?" என்று கடைக்காரர் கேட்டபோது, மகள் வாய் திறப்பதற்குள் அவள் படுத்துக்கூடப் பார்க்காமல், "கெட்டி" என்றாள்.

அது கணவனுக்காகச் சொன்னது. அவன் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறான். விடிந்து ஏழு மணிக்கு அவன் வீடு திரும்பும்போது அவள் பேருந்தில் இரண்டாவது நடையில் இருப்பாள். இரவு எட்டரைக்கு அவன் கிளம்பிப் போன பிறகுதான் அவள் படுப்பாள். வார விடுமுறையும் ஆளுக்கொரு நாள். ஒரே மெத்தையில் இரண்டு பேர் படுத்தார்கள், ஆனால் ஒருவர் படுத்து மற்றவர் பார்த்ததில்லை. பழைய மெத்தையில் படுத்து எழுந்த நாளெல்லாம் அவன், "இதுக்குத் தரையே தேவலை" என்று முனகுவான். அதைத்தான் அவள் மனதில் வைத்திருந்தாள்.

அவள் ஒருக்களித்துப் படுப்பவள். ஸ்டியரிங் திருப்பித் திருப்பி நொந்துபோன வலது தோள் கெட்டி அடுக்கின் மேல் ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும். புரண்டு படுத்தால் இடது தோள். இப்படியே விடிந்துவிடும். அவருக்குப் பிடித்திருக்கிறது, நமக்கும் பழகிவிடும் என்று இருந்தாள்.

கவுன்ட்டர் வேலை பத்து மணிக்கு. முதல் நாள் காலை, அவன் கிடங்கிலிருந்து திரும்பியபோது அவள் வீட்டில் இருந்தாள். அவன் கைகால் கழுவிவிட்டு அலமாரியிலிருந்து இரண்டு கம்பளிகளை எடுத்தான். ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, மெத்தையின்மேல் நீளவாக்கில் விரித்தான். அப்போதுதான் வாசலில் அவள் நிற்பதைப் பார்த்தான். திருடிப் பிடிபட்டவன் முகம்.

"குளிருதா?"

"இல்ல. சும்மாதான்."

"போத்திக்கறதை யாராவது அடியில போடுவாங்களா?"

அவன் கம்பளியின் சுருக்கத்தை நீவிவிட்டான். "முதுகு நோகுது. உனக்குக் கெட்டியா இருந்தாத்தான் தூக்கம் வரும்னு கேட்டு வாங்கியிருக்கே. அதான் தொந்தரவு பண்ண வேணாம்னு."

"நான் எங்க கேட்டேன்? உங்களுக்காக இல்ல வாங்கினேன். தரையே தேவலைன்னு தினம் சொன்னது யாரு?"

"ஏய், அது மெத்தையைத் திட்டினது. தரையைப் புகழ்ந்து பேசினதா அது?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வாய்வார்த்தை கேட்டிருக்கலாம். விட்டுக்கொடுக்க அவளுக்குத் தெரியும், அது கைவந்த பழக்கம். என்ன வேண்டும் என்று கேட்பதற்கும், எனக்கு இது வேண்டும் என்று சொல்வதற்கும்தான் நாக்கு எழவில்லை. அந்தப் பெரியவர் நூலக வாசலில் கை காட்டிக்கொண்டு நின்றதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணமோ என்று அவளுக்குத் தோன்றியது.

சத்தம் கேட்டு மகள் வந்தாள். மூவருமாக ஜிப்பைத் திறந்து கெட்டி அடுக்கை உருவினார்கள். அது கனத்தது, பிடி கொடுக்காமல் தொய்ந்து சரிந்தது.

"ராத்திரி பூரா பெட்டி தூக்கறேன், ஒண்ணாவது இப்படிப் படுத்துதா?" என்றான் அவன். "மூலையைப் பிடிச்சா நடு போகுது, நடுவைப் பிடிச்சா மூலை போகுது."

"பேசாம தூக்குங்கப்பா."

மெத்தென்ற அடுக்கு மேலே வந்தது. "படுத்துப் பாருங்கப்பா" என்றாள் மகள். அவன் படுத்தான். ஜிப்பை இழுத்து மூடுவதற்குள் குறட்டை வந்துவிட்டது. மீதி ஜிப்பை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தோள் நன்றாகத்தான் அமுங்கியது, ஆனால் கழுத்து பிடித்துக்கொண்டது. தோள் கீழே போனதால் தலையணை உயரமாகிவிட்டது என்று மகள் கண்டுபிடித்தாள். மெல்லிய தலையணை வந்தது. கழுத்து சரியானதும் இடுப்பு வலித்தது, அது அளவுக்கு மேல் அமுங்கியது. கடைசியில் நடுத்தர அடுக்கை மேலே ஏற்றியதும் அவளுக்குச் சரியானது. அவனுக்கு எது பிடித்தது என்று கேட்டாள்.

"எனக்கு எதுவானாலும் சரி."

"அந்தப் பேச்சே வேணாம். அதை நம்பித்தான் ரெண்டு மாசம் கட்டையில கிடந்தோம். சொல்லுங்க."

அவன் வாத்தியார் முன் நிற்பவன்போல் நெளிந்தான். "மெத்துனு இருந்ததுதான் புடிச்சுது."

தினமும் இரண்டு முறை அடுக்கு மாற்ற யாராலும் முடியாது. நடுத்தர அடுக்கு மேலேயே இருக்க, அவனுக்குக் கம்பளியே தீர்வானது. காலையில் அவளே அதை மடித்து விரித்துவைத்தாள்.

மூன்று வாரம் முடிந்து டாக்டரிடம் போனாள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். ஏழு என்றாள். நடுவில் விழிப்பு வருகிறதா? இல்லை. பகலில் கண் சொக்குகிறதா? இல்லை. மூன்றும் உண்மை. அவர் பேனாவைத் திறந்தார்.

"எத்தனை நாளா இப்படித் தூங்கறேன்னு கேக்கலையே டாக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை நாளா?"

"நாலு நாள்."

"உங்களுக்கே தெம்பா இருந்தா அது போதும்மா."

"எனக்குப் போதும். என்னை நம்பி ஏர்றவங்களுக்குப் போதுமான்னுதான் தெரியல."

டாக்டர் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, பத்து நாள் தள்ளி ஒரு தேதி எழுதிக் கொடுத்தார். அவள் நேராகக் கவுன்ட்டருக்குப் போய் மாலைவரை சில்லறை கொடுத்தாள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னபோது, அவன் பொத்தான் போடுவதை நிறுத்தினான்.

"கையெழுத்துப் போட வந்த கையைத் தடுத்துட்டா வந்தே?"

"ஆமா."

"பயமா?"

அவள் யோசித்தாள். "இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். இன்னும் கொஞ்ச நாள் தூங்கணுங்க."

"அப்போ ஏன் நின்னுக்கிட்டிருக்கே? போய்ப் படு" என்று சொல்லிவிட்டு, அவன் மெத்தைமேல் கிடந்த தன் கம்பளியைச் சுருட்டி அலமாரியில் வைத்தான்.