சாமி பாதத்துல வச்ச பத்திரிகை

தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை லேப்டாப்புல டிசைன் பண்ணது நான்தான். அரக்கு நிறம். முதல் நூறை மயிலாப்பூர் கடையில அடிச்சோம், அம்சமா வந்துச்சு. அதெல்லாம் எங்க சொந்தக்காரங்களுக்கே போயிடுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் அம்பது அடிக்கலாம்னா அந்தக் கடை மெஷின் ரிப்பேர். அதே ஃபைலை தி.நகர் கடையில குடுத்தா கத்தரிப்பூ நிறத்துல வருது.

"மெஷினுக்கு மெஷின் கலர் மாறும்கா. பழைய கார்டு ஒண்ணு குடு, அத்தப் பாத்து செட் பண்றேன்"னார் ஆபரேட்டர். வீட்டுல மிச்சமிருந்த ஒரே கார்டைக் குடுத்தேன். அம்பதையும் ஓட்டறதுக்கு முன்னாடி நேர்ல வந்து பாக்கச் சொன்னார். எனக்கு சோம்பேறித்தனம், அவர் அனுப்பின போட்டோவைப் போன்லயே பாத்து சரின்னுட்டேன்.

மறுநாள் மதியம் கட்டைப் பிரிச்சா அம்பதும் செங்கல் நிறம். நாலு மணிக்கு வடபழனி போய் சம்பந்தியம்மா கையில தட்டோட குடுத்தாகணும். மண்டபம் சின்னதுன்னு ஏற்கெனவே நாலு பேர் முன்னாடி அப்பாவைப் பேசினவங்க அவங்க. "நம்மாளுங்களுக்கு ஒசத்தி, அவங்களுக்கு மட்டமான்னு கேப்பாங்க. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கறது"ன்னார் அப்பா.

கடைக்குப் போய்க் கத்தினேன். ஆபரேட்டர் நான் குடுத்த கார்டையே நீட்டினார். "இத்த மாதிரியேதானக்கா கீது?" அப்பத்தான் உறைச்சுது. அம்மா மஞ்சள் தண்ணி தெளிச்சு சாமி பாதத்துல வச்ச முதல் பத்திரிகை அது. கார்டு முழுக்க மஞ்சள் ஊறி, அரக்கு செங்கல் நிறமாக் காஞ்சிருக்கு. அவர் அந்த மஞ்சளையும் சேத்தே கலர் செட் பண்ணி அடிச்சிருக்கார். மணி மூணு. திரும்ப அடிக்க நேரமில்லை. என் மேலயே எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

வடபழனியில சம்பந்தியம்மா கார்டை வாங்கிப் பாத்துட்டு உள்ள போனாங்க. வரும்போது கையில ஒரு அரக்கு கார்டு. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடிச்ச சைதாப்பேட்டை அத்தை, அப்பாவோட அக்கா, ஆசையா காட்டிட்டு அங்கயே விட்டுட்டுப் போனது. ரெண்டையும் டீப்பாய் மேல பக்கத்துல பக்கத்துல வச்சாங்க.

"ஏன் வேற வேறயா இருக்கு?"

அப்பா மன்னிப்புக் கேக்க வாயெடுத்தார். என்னால அதைப் பாக்க முடியல.

"சாமி பாதத்துல வச்ச பத்திரிகையைப் பாத்து, அதே நிறத்துல உங்களுக்குன்னு அடிச்சதும்மா"ன்னேன். அதுல ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை.

அவங்க செங்கல் நிறக் கார்டை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. காபி வந்துச்சு.

நாங்க வீட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள அப்பாவுக்கு சைதாப்பேட்டை அத்தை போன். சம்பந்தியம்மா பெருமையா சொல்லியிருக்காங்க. அத்தை குரல் எனக்கே கேட்டுச்சு. "அவங்களுக்கு சாமி பத்திரிகை, கூடப்பொறந்த எனக்கு சாதா பத்திரிகையாடா?"

அப்பா போனை என் கையில குடுத்துட்டு, சட்டையைக் கழட்ட உள்ள போயிட்டார்.